தயானி வரையாத எழுத்து

மகள் எவனோடாவது ஓடிப் போயிருக்க வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்ட ஒரு தகப்பனை றீட்டா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அவளுடைய அலுவலகம். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் மரண விசாரணை பார்த்துப் பார்த்துச் சலித்து, பிறகு சொந்தமாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள் அவள். படியேறி வரும் பெற்றோர் எல்லாரும் தங்கள் பிள்ளை யாரோடும் போகவில்லை என்று நிரூபிக்கச் சொல்லித்தான் கேட்பார்கள். சிவஞானம் கேட்டது நேர்மாறாக இருந்தது.

"எவன் கூடவாவது போயிருந்தா நல்லதுங்க மிஸ். எந்தச் சாதியா இருந்தா என்ன, எந்த மதமா இருந்தா என்ன. உசிரோட இருக்காங்கிற ஒரு வார்த்த போதும்."

தயானி அவருடைய ஒரே பிள்ளை. பண்டாரவளையில் பேனர் அடிக்கும் கடையில் டிசைனர் வேலை. அங்கேயே ஒரு போடிங்கில் தங்கியிருந்தாள். போன கார்த்திகை மழையில், பூனாகலைப் பக்கம் கல்லுமலைத் தோட்டத்தில் மலை சரிந்து சிவஞானம் குடியிருந்த லயத்தை, தொழிலாளர் வரிசை வீடுகளை, வாரிக்கொண்டு போனது. அவரும் மனைவி தனலெட்சுமியும் முந்தின சாயங்காலமே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டதால் பிழைத்தார்கள். அன்றிலிருந்து மகளைக் காணோம். மலையில் அவளைப் பார்த்தவர் யாருமில்லை, டவுனில் பார்த்தவரும் யாருமில்லை. மண்ணுக்குள்ளேயே விட்டுவிட வேண்டியிருந்த ஆட்களில் அவளும் ஒருத்தி என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். டவுனில் இருந்த பிள்ளைக்கு மலையில் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார் சிவஞானம். கருமாதி செய்ய அவர் ஒப்பவே இல்லை.

இப்போது தெமோதரையில் மச்சானுடைய லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில், ஒண்டியிருக்கும் அவர், மேசையில் இரண்டு பொருளை வைத்தார். ஒன்று, கல்லுமலை மாரியம்மன் திருவிழாவுக்கு மகள் அடித்துக் கொடுத்த பேனர். சாரல் அடிக்காமல் இருக்க மச்சான் வீட்டு அடுப்படியில் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தார். விரித்ததும் புகை மணம் அறையெங்கும் பரவியது. இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர் மொனராகலைக்குப் போனபோது சீனி வாங்கி வந்த கடைப் பை. அதில் 'ஷாஹ்மி ஸ்டோர்ஸ், மொனராகலை' என்று அச்சிட்டிருந்தது.

"ரெண்டும் ஒரே கையி மிஸ்" என்றார்.

றீட்டா குனிந்து பார்த்தாள். தடித்த, ஒடுங்கிய, நெட்டையான எழுத்துகள். முனையில் கொம்போ சுழிப்போ எந்த அலங்காரமும் கிடையாது. லயத்துக் காம்பராக்கள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஆனால் எதுவும் மூச்சு முட்டவில்லை. அறையின் மறுகோடியிலிருந்தே பேனரை வாசிக்க முடிந்தது.

"காலையில வேலைக்குப் பேர் குடுக்க, பெரட்டுக்கு ஆளுங்க வரிசையா நிக்கிற மாதிரி இருக்கு" என்றான் ஸப்ரான். அவளுடைய உதவியாளன், வேன் சாரதி, வாயை மூடத் தெரியாதவன். "யாரும் சாய்ஞ்சு நிக்கல. கங்காணிக்குச் சந்தோஷம்."

சிவஞானம் சிரிக்கவில்லை. அந்த எழுத்து பிறந்த கதையைச் சொன்னார். லயத்தில் முத்துலெட்சுமி என்று ஒரு பெரியம்மா இறந்தபோது, கண்ணீர் அஞ்சலிப் பேனரில் பேர் ஒரு வரியில் அடங்காமல் 'முத்துலெட்' மேலேயும் 'சுமி' கீழேயுமாகத் தொங்கியது. சின்ன எழுத்தில் போட்டால் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் பிடித்து நசுக்கினால் சுழியெல்லாம் அடைத்துப்போய் ண எது, ன எது என்று புரியாது. செத்த பிறகாவது ஒரு மனுசி பேர் முழுசாக நிற்கக் கூடாதா என்று தயானி அன்றைக்குக் கோபப்பட்டாளாம். அப்புறம் ஒவ்வோர் எழுத்தாகத் தானே வரைய ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை லயத்தின் கடைசிக்கு அனுப்பிவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். அவர் தடுமாறாமல் வாசித்தால் அந்த எழுத்து தேறியது. தடுமாறினால் மறுபடி வரைவாள்.

"வேற யாருகிட்டயாவது இது இருக்கா?" என்று கேட்டாள் றீட்டா.

"இல்லீங்க. முழுசா முடியாம வெளிய குடுக்க மாட்டேன்னு சொல்லுவா. இன்னொண்ணையும் பாருங்க. இந்த ஷாவும் ஹாவும் அவ வரையவே இல்ல. எனக்கு ஒரு நாளும் தூக்கிக் காட்டினதில்ல. இப்ப இந்தப் பையில இருக்கு. அப்பிடின்னா அந்த மழைக்கு அப்புறம் உக்காந்து வரைஞ்சிருக்கா. உசிரோட இருந்தாத்தானே மிஸ் வரைய முடியும்?"

றீட்டாவுக்கு அந்த நியாயத்தில் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. ஓட்டை இல்லாமலே இருக்கட்டும் என்று அவளும் ஆசைப்பட்டாள்.

பண்டாரவளையில் பேனர் கடை முதலாளி றொனி பையை வாங்கிப் பார்த்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தயானி தன்னுடைய மடிக்கணினியில்தான் வேலை செய்தாள், அதைத் தினமும் கையோடு கொண்டுபோய்விடுவாள், கடை மெஷினில் அந்த எழுத்து ஒருநாளும் ஏறவில்லை என்றார். தமிழ் எழுத்தெல்லாம் முடித்திருந்தாள். தோட்டத்துப் பேர்களில் அடிக்கடி வருவதால் ஜாவையும் வரைந்திருந்தாள். ஸா, ஷா, ஹா மூன்றும் பாக்கி. அந்த எழுத்து வருகிற இடத்தில் மட்டும் வேறு ஃபொண்டிலிருந்து எடுத்து ஒட்டுவாள். மழைக்கு முந்தின வாரம் அடித்த ஒரு ஹோட்டல் பலகையின் படத்தைத் தேடியெடுத்துக் காட்டினார். 'ஸாஹிர் ஹோட்டல்' என்பதில் ஸாவும் ஹாவும் குட்டையாக, குண்டாக, யாரோ விருந்தாளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

பையிலிருக்கும் எழுத்தை வேறு ஒருவர் பார்த்துக் காப்பியடித்திருக்கலாமா என்று றீட்டா கேட்டாள்.

றொனி பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். தடித்த எழுத்தில் இரண்டு கோடு சேருகிற மூலையில் மை தேங்கி அப்பிக்கொள்ளும். அதனால் தயானி அந்த மூலையில் மெல்லிசாக ஒரு வெட்டு வெட்டிவிடுவாள். அச்சானதும் மை ஓடி வந்து வெட்டை நிரப்பிவிடும், பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாது. பையில் ஷாவின் கழுத்திலும் ஹாவின் மடிப்பிலும் அந்த வெட்டின் தடம் இருந்தது.

"இது தயானியோட கைதான் மிஸ்" என்றார் றொனி. "கடவுளே, அந்தப் பிள்ள எங்கயோ இருக்கு."

எல்ல ஊரைத் தாண்டி வெல்லவாயப் பக்கம் வேன் இறங்கும்போது ஸப்ரான் உற்சாகத்தில் இருந்தான். கேஸ் முடிந்துவிட்டது என்பது அவன் கணக்கு. பையன் பேர் ஷாஹ்மி, பொண்ணு பேர் தயானி, ரெண்டு வீட்டுக்கும் பயந்து மொனராகலையில் குடித்தனம். நாம் போய் நிற்கும்போது அந்தப் பொண்ணே பிளேன்டீ கொண்டுவந்து வைக்கும் என்றான். சீனி கூடுதலாகக் கேட்கப் போவதாகவும் சொன்னான்.

"ஒரு விஷயந்தான் மிஸ் மனசுக்குக் கஷ்டம். ஷாவுக்கும் ஹாவுக்கும் சொந்த வீடு கட்டிக் குடுத்துட்டாங்க. எங்க ஸாவ மட்டும் இன்னும் வாடக வீட்டுலயே வெச்சிருக்காங்க. ஸப்ரான்னு பேரு வெச்சவனுக்கெல்லாம் எப்ப விடியிறது?"

றீட்டா மடியிலிருந்த பையைத் திருப்பினாள். அவன் சொன்னது சரி. 'ஷாஹ்மி' முழுக்கத் தயானியின் எழுத்து. பக்கத்தில் 'ஸ்டோர்ஸ்' என்பதில் முன்னும் பின்னும் நின்ற இரண்டு ஸாவும் இரவல்.

அவள் வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"ஸப்ரான், கடைப் பலகை எழுதுறவங்களுக்கு இந்த மூணு எழுத்துல எது அதிகமாத் தேவப்படும்?"

"ஸாதான். ஸ்டோர்ஸ், டெக்ஸ்டைல்ஸ், ஸலூன், பேக் ஹவுஸ். ஸா இல்லாம இந்த நாட்டுல கட தெறக்க முடியாது."

"அப்ப தொழிலுக்காக வரையிறவ ஸாவுல இருந்துதான் ஆரம்பிப்பா. இவ அத விட்டுட்டு ஷாவையும் ஹாவையும் மட்டும் வரைஞ்சிருக்கா. இது பலகைக்காக வரைஞ்சது இல்ல. ஒருத்தரோட பேருக்காக வரைஞ்சது."

"அதத்தானே மிஸ் நானும் சொன்னேன். லவ்வு."

"ஆமா. ஆனா யோசிச்சுப் பாருங்க. அவனோட குடித்தனம் பண்ணிக்கிட்டு, அதே கடையில இருக்கிறவளா இருந்தா, அவன் பேருக்குப் பக்கத்துலயே தெனமும் கண்ணுல குத்துற இந்த ஸாவ இத்தன மாசமா இப்பிடியே விட்டு வெச்சிருப்பாளா? ஒரு பேரு ரெண்டா ஒடைஞ்சதுக்கே தூக்கம் கெட்டவ அவ."

எதிரே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவில் ஏறியது. அது போகும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரையாத எழுத்துதான் சாட்சி என்று றீட்டாவுக்கு இப்போது தெரிந்தது. ஷாவும் ஹாவும் முடிந்த இடத்தில் அந்தக் கை நின்றுபோயிருக்கிறது. தகப்பன் ஆதாரம் என்று நம்பிக் கொண்டுவந்த பையே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. இந்தத் தொழிலில் தன் கணிப்பு தப்பாகப் போக வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது மிகவும் அபூர்வம். மொனராகலை வரும் வரை வேண்டிக்கொண்டே போனாள்.

கடை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. வெயில் தகித்தது. கல்லாவில் ஒரு மெலிந்த இளைஞன். றீட்டா பையை அவன் முன்னால் விரித்து, உங்கள் பேரை எழுதியது யார் என்று மட்டும் கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தான். பொருள் வாங்க நின்ற பெண்ணைப் பக்கத்துக் கடைக்குப் போகச் சொல்லிவிட்டு, கதவைப் பாதி இறக்கினான்.

"அவங்க வாப்பா அனுப்பினாங்களா?" என்றான். அதைக் கேட்டதும், தயானி இங்கே இல்லை என்ற மிச்சமும் றீட்டாவுக்கு விளங்கிவிட்டது.

ஷாஹ்மி சொன்னதை அவள் குறுக்கிடாமல் கேட்டாள். வாப்பாவின் கடைக்குப் பலகை அடிக்கப் பண்டாரவளைக்குப் போனவன், பலகையில் அது சரியில்லை, இது சரியில்லை என்று சாக்குச் சொல்லிச் சொல்லித் திரும்பத் திரும்பப் போயிருக்கிறான். தயானிக்கு அந்தச் சாக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. அவனுடைய பேரைத் தன் எழுத்தில் எழுத முடியவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய மனக்குறை. அதைச் சரி பண்ணிவிட்டுத்தான் வீட்டில் பேச்செடுப்பேன் என்றாள். இரண்டு எழுத்தையும் முடித்து, கடைப் பேரை முழுசாக அமைத்து, அடுத்தது ஸா என்று சொல்லியிருந்தாள்.

மழை பிடித்த அன்று அவன் பண்டாரவளையில்தான் இருந்தான். மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் அவள் வீட்டுக்கு ஃபோன் எடுத்துப் பார்த்தாள். லைன் கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் லயத்தை விட்டு இறங்கியிருக்க மாட்டார்கள், நான் போய் இழுத்துக்கொண்டு வந்தால்தான் உண்டு என்று நின்றாள். அவன்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனான். தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் மரம் விழுந்து ரோடு அடைபட்டிருந்தது. நனையக் கூடாது என்று மடிக்கணினிப் பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, லயத்து ஆட்கள் உங்களைப் பார்த்தால் கதை கட்டிவிடுவார்கள், நான் குறுக்குப் பாதையில் ஏறிக்கொள்கிறேன் என்று நடந்தாள். அவன் சைக்கிளைத் திருப்பி நிறுத்துவதற்குள் மலை சத்தம் போட்டது.

பிறகு நாட்கணக்கில் அவன் அங்கே மண் அள்ளினான். எங்கெங்கிருந்தோ வந்து அள்ளியவர்களில் ஒருவனாக இருந்ததால் அவன் யாரென்று யாரும் கேட்கவில்லை. சிவஞானத்துக்குப் பக்கத்தில் நின்றே அள்ளியிருக்கிறான். மகள் டவுனில் பத்திரமாக இருக்கிறாள் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே, மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கணும்" என்றான் ஸப்ரான் மெதுவாக.

"எப்பிடிச் சொல்ல? அவங்கள காப்பாத்தத்தான் போனா. அவங்க முந்தின நாளே எறங்கிட்டாங்க. ஒங்கள தேடி வந்துதான் ஒங்க மக மண்ணுக்குள்ள போனான்னு அந்த மனுசன் மொகத்தப் பாத்து நான் எப்பிடிச் சொல்லுவேன்? மக எங்கயோ இருக்கான்னு நெனச்சுக்கிட்டே இருந்தா, அதுவாவது மிஞ்சட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப இந்தப் பைய ஏன் அடிச்சீங்க?"

அவன் கல்லாப் பலகையைத் தடவினான். "அவ என் பேர எழுதினது அது ஒண்ணுதான் மிஸ். கம்ப்யூட்டருக்குள்ளயே கெடக்க விட மனசு வரல. ஸாவுக்கு அவ தற்காலிகமா என்ன ஒட்டி வெச்சிருந்தாளோ, அத நான் தொடல."

திரும்பும் வழியில் றீட்டா தன்னோடு மல்லுக்கட்டினாள். தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; சிவஞானம் சாகும் வரை கடைப் பைகளைப் பார்த்துக்கொண்டே திரிவார். காப்புறுதி வேலையில் இருந்த காலத்தில், உடல் கிடைக்காத வீடுகளுக்கு அவள் போயிருக்கிறாள். வாசல் சத்தம் கேட்டால் அந்த வீடுகளில் எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் திரும்பும். அதை ஒரு மனுஷனுக்கு மிஞ்சியது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஷாஹ்மிக்கு ஃபோன் எடுத்து, நான் சொல்வதைவிட நீங்கள் வந்து சொல்வதுதான் முறை என்றாள். அவன் சரி என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் தெமோதரை ஸ்டேஷன் வாசலில் அவனை ஏற்றிக்கொண்டு லயத்துக்குப் போனார்கள். சிவஞானம் ஓடிவந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். இளைஞன் ஒருவன் மட்டும் இறங்குவதைக் கண்டு, பின் ஸீட்டை இன்னொரு தடவை பார்த்தார்.

"தயானி வரலியா தம்பி?"

ஷாஹ்மி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை, எதையும் பூசி மெழுகவுமில்லை. அவர்களைக் கூட்டிவரத்தான் போனாள் என்ற இடத்தில் மட்டும் அவன் றீட்டாவைத் திரும்பிப் பார்த்தான். அதை றீட்டா சொல்லி முடித்தாள். இத்தனை வருஷத் தொழிலில் அதைவிடக் கனமான ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

சிவஞானம் கத்தவில்லை. கீழே உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு, "நாங்க எறங்கிட்டோம் சாமி. நாங்க எறங்கிட்டோமே" என்று யாருக்கோ கேட்க வேண்டும் என்பது மாதிரித் திரும்பத் திரும்பச் சொன்னார். ஸப்ரான் போய்ப் பக்கத்தில் குந்தி அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். லயத்துச் சனங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, கிட்டே வராமல் நின்றார்கள்.

பிறகு சிவஞானம் தலையைத் தூக்கி ஷாஹ்மியைப் பார்த்தார். இவன்தான் தன் பக்கத்தில் நின்று மண் அள்ளியவன் என்பது அவருக்கு அப்போதுதான் புலப்பட்டது போலும்; அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்கப் போவது ஏன் சொல்லவில்லை என்பதாக இருக்கும், இல்லாவிட்டால் எந்த இடம் என்பதாக இருக்கும் என்று றீட்டா நினைத்தாள்.

"அன்னிக்கி அவ சாப்பிட்டிருந்தாளா தம்பி?" என்று கேட்டார் அவர்.

ஷாஹ்மி கண்ணைத் துடைத்தான். "சாப்பிட்டா. வழியில ரோல்ஸ் வாங்கினோம். ஒண்ணு சாப்பிட்டா. இன்னொண்ண தாளுல சுத்திக் கையில எடுத்துக்கிட்டா. அம்மாவுக்குப் பிடிக்கும்னு சொன்னா."

அதுவரை கதவு நிலையைப் பிடித்தபடி நின்ற தனலெட்சுமி உள்ளே போனாள். உள்ளேயிருந்து வந்த சத்தம் லயம் முழுவதும் கேட்டது. யாரும் போய் அவளைத் தேற்றவில்லை; இத்தனை மாசமாக அடக்கி வைத்திருந்ததை அவள் அழுது தீர்க்கட்டும் என்று விட்டார்கள். அது ஓய்ந்த பிறகு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் மறுபடி வாசலுக்கு வந்தாள்.

"உள்ள வாங்க தம்பி" என்றாள் ஷாஹ்மியிடம். "தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. சோறு போடுறேன்."